பத்மினியும் பதினேழு வயதும்

பதினேழு வயதுப் பிள்ளைக்கு மோட்டார் சைக்கிள் மீது எழும் மோகத்தைச் சொல்லித் தணித்த தகப்பன் எவரையும் நாம் கண்டதில்லை. நம் இளைய மகனுக்கும் அது வந்தது. மறுத்தால் அவன் முகம் வாடும். வாங்கித் தந்தாலோ, அவன் வீடு திரும்பும்வரை அவனுடைய உம்மா வாசலைவிட்டு அகலமாட்டாள். அப்போதுதான், கொல்லைக் கொட்டகையில் பன்னிரண்டு ஆண்டுகளாகத் தூசு போர்த்திக் கிடந்த பிரிமியர் பத்மினி நம் நினைவுக்கு வந்தது.

மறைந்த நம் வாப்பா 1984இல் வாங்கிய கார் அது. இத்தாலிய ஃபியட் 1100இன் வழிவந்தது. பம்பாய்க் குர்லாவில் பிறந்தது. 1089 சி.சி. எஞ்சின், ஸ்டியரிங்கின் கழுத்திலேயே கியர். எடைக்குப் போட்டுவிடலாம் என்று காக்கா பலமுறை சொன்னதுண்டு. "வாப்பா ஓட்டிய வண்டியை இரும்புக் கடையில் பார்க்க உங்களுக்கு மனம் வருமா காக்கா?" என்றோம். பிறகு அவர் அப்பேச்சை எடுக்கவில்லை.

மகனிடம் நாம் விதித்த நிபந்தனை ஒன்றுதான். வண்டி அவனுக்கே, அவனே சீர்செய்ய வேண்டும், 18 வயது நிரம்பி லைசென்ஸ் பெற்ற பின்னரே தெருவில் இறக்க வேண்டும். இது நம் கண்டிப்பு மட்டுமன்று. 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி, வயது நிரம்பாத பிள்ளை வண்டியோட்டிக் குற்றம் புரிந்தால், பெற்றவருக்கோ வண்டிக்கு உரியவருக்கோ 3 ஆண்டுவரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. அப்பிள்ளைக்கு 25 வயதுவரை லைசென்ஸ் கிடையாது. பள்ளி விட்டதும் மூவராய் ஏறிப் பறக்கும் நம் தெருச் சிறுவர்களின் பெற்றோர் இதனை அறிவார்களோ என்னவோ!

மகன் முதலில் விரும்பியது பெயிண்ட். நாம் விரும்பியது பிரேக். இந்தப் பிணக்கில் ஒரு வாரம் வீட்டில் பேச்சே இல்லை. முடிவில் மெக்கானிக்கை வரவழைத்தோம். அவர் பின்சக்கரத்தைக் கழற்றி, டிரம்மைத் தட்டி எடுத்து, உள்ளே இருந்த வீல் சிலிண்டரைக் காட்டினார். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை ஈர்க்கும் தன்மையுடையது. ஓடாமல் நிற்கும் வண்டியில் அந்த ஈரமே சிலிண்டரைத் துருவேற்றிவிடும். ரப்பர் கப் கிழிந்து, ஆயில் கசிந்து காய்ந்திருந்தது. "தம்பி, நாலு சக்கரத்துக்கும் ஒரே லைன்தான். ஓரிடத்தில் கசிந்தால் நாலும் போச்சு" என்றார். நம் ஒரு வாரச் சொல் ஏறாத காதில் அவருடைய இரண்டு சொல் ஏறிற்று. மாஸ்டர் சிலிண்டர் உட்பட யாவும் புதிதாக மாற்றப்பெற்றன. முன்னிருக்கைகளுக்கு பெல்ட்டும் பொருத்தச் செய்தோம்.

அதன்பின் அவன் வேலையைத் தானே கையிலெடுத்தான். பிளக்குகளைக் கழற்றி, சிலிண்டர்களில் சிறிது எண்ணெய் விட்டு, இரண்டு நாள் ஊறவைத்து, எஞ்சினைக் கையால் சுழற்றிப் பார்த்த பிறகே பேட்டரியை இணைத்தான். டாங்கில் பழைய பெட்ரோல் பிசினாய் நாறியது. கார்புரேட்டரின் ஜெட்டுகள் அடைத்துப் போயிருந்தன. அவற்றையெல்லாம் கழுவித் துடைத்த கையோடு ஜும்ஆவுக்குப் புறப்படுவான். "கிரீஸ் படிந்த நகத்தில் தண்ணீர் படாமல் ஒளு எப்படிடா சேரும்?" என்று உம்மா சவர்க்காரத்துடன் வழிமறிப்பாள்.

எஞ்சின் உயிர்பெற்ற மாலையில் காக்காவே ஓடிவந்தார். பெயிண்ட் செலவு தம்முடையதாம். ஆனால் வாப்பா காலத்து வெள்ளையே இருக்கவேண்டுமாம். மகனோ கறுப்பு என்கிறான். நிறத்தை மாற்றினால் ஆர்.சி.யிலும் பதியவேண்டும் என்று மட்டும் சொல்லிவிட்டு, பெரிய வாப்பாவும் பிள்ளையும் தீர்த்துக்கொள்ளட்டும் என்று ஒதுங்கி நிற்கிறோம்.