பெயர் தெரியும்வரை

மார்ச் 9

பைன் மரத்து உச்சியில் குளிர்காலம் முழுக்கத் தொங்கிய வெள்ளைப் பட்டுக் கூடு இன்று காலியாகிவிட்டது. காலை பத்து மணிக்குப் புழுக்கள் இறங்கின. முன்னால் போவதன் பின்புறத்தைப் பின்னால் வருவது தலையால் தொட்டபடி, ஒரே வரிசையாக, மதிலோரம் மண் தேடிப் போயின. எண்பத்திரண்டு வரை எண்ணினேன். பிரான்சில் இந்தப் பக்கத்து மக்கள் வைத்திருக்கும் பெயரும் ஊர்வலப் புழு என்பதுதான். கண்ணுக்குத் தெரியாத முள்மயிர் இவற்றின் உடம்பிலிருந்து உதிர்ந்து காற்றில் பரவும். போன வருடம் பக்கத்து வீட்டு நாய் இந்தப் புழுக்களில் ஒன்றை நக்கிவிட்டது. நாக்கின் நுனி அழுகிப்போய் வெட்டியெடுக்க வேண்டியதாயிற்று. பேரனைச் சன்னலுக்கு உள்ளேயே நிறுத்திக்கொண்டு காட்டினேன்.

மண்ணுக்குள் கூட்டுப்புழுவானதும் இவற்றைக் கொண்டலாத்தி அலகால் தோண்டித் தின்னும். புதுச்சேரி தோப்புகளில் நான் பார்த்து வளர்ந்த அதே கொண்டலாத்திதான். சீக்கிரம் வந்துசேரட்டும்.

மே 2

போன வருடம் இதே மாதம் செய்த பாவம் இன்று மறுபடி கண்முன் வந்தது. கொல்லைச் சரிவில் கள்ளிக்கு உறவான ஒரு காட்டுச் செடி உண்டு. ஒடித்தால் பால் வடியும். அதில் அன்றைக்குப் பத்துப் பதினைந்து புழுக்கள். கறுப்பு உடம்பு, பக்கவாட்டில் வெள்ளைப் புள்ளிகள், முதுகில் சிவப்புக் கோடு, வால்பக்கம் ஒரு சிவப்புக் கொம்பு. நாயின் நாக்கு நினைவில் இருந்ததால் யோசிக்காமல் சோப்புத் தண்ணீர் வாளியில் தட்டிவிட்டேன். பிறகு நூலகத்தில் புத்தகத்தைப் புரட்டியபோதுதான் தெரிந்தது: அது ஒரு ஸ்ஃபிங்ஸ் அந்துவின் புழு. கொம்பு வெறும் தோல், குத்தாது. அந்தக் காட்டுச் செடிகளைத் தவிர என் தோட்டத்தில் வேறெதையும் அது தொட்டிருக்காது. ஆலிவ் பச்சையும் ரோஜா நிறமும் கலந்த இறக்கைகளோடு பறந்திருக்க வேண்டியவை வாளியில் மிதந்தன.

அன்றிலிருந்து ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். பெயர் தெரியும்வரை கை நீளக் கூடாது. பூச்சியைப் பார்ப்பதற்கு முன், அது எந்தச் செடியில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். பாதிப் பெயர் செடியிலேயே இருக்கிறது.

மே 14, இரவு

பத்தரை மணி. சமையலறைச் சன்னலில் ஏதோ மோதியது. வௌவால் என்றே எழுந்து போனேன். வெளியே சுண்ணாம்புச் சுவரில், விளக்கு வெளிச்சம் முடியும் இடத்தில், ஒட்டிக்கொண்டிருந்தது.

அளவுகோலைத் தொடாமல் பக்கத்தில் பிடித்துப் பார்த்தேன். இறக்கையின் இந்த நுனியிலிருந்து அந்த நுனிவரை 14 செ.மீ. சாம்பலும் பழுப்புமாக, ஈரமான சாக்கின் நிறம். ஓரத்தில் வெளிறிய கரை. நான்கு இறக்கையிலும் ஒவ்வொரு கண்: நடுவில் கருமணி, அதைச் சுற்றி வளையங்கள், ஒரு பக்கம் பிறைபோல் வெள்ளைக் கீற்று. கழுத்தைச் சுற்றி வெளுத்த ரோமம். பின்னிறக்கையில் ஆரஞ்சு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தேன். இருந்தால் இதன் சின்னத் தம்பி. இல்லை. அப்படியென்றால் ஐரோப்பாவிலேயே பெரிய அந்து இதுதான். இங்கே இதற்கு ‘இரவின் பெரிய மயில்’ என்று பெயர்.

உணர்கொம்புகள் இறகுபோல இரண்டு பக்கமும் கிளைத்திருந்தன. ஆண். இதற்கு உண்ணத் தகுந்த வாய் கிடையாது. புழுவாக இருந்தபோது பாதாம், பேரி இலைகளைத் தின்று சேர்த்த கொழுப்பில்தான் இந்த ஒரு வாரத்தை ஓட்டுகிறது. அதற்குள் ஒரு பெண்ணைத் தேடிக் கண்டடைய வேண்டும். என் விளக்கு அதன் இரவைத் தின்றுகொண்டிருக்கிறது என்று உறைத்ததும் அணைத்துவிட்டேன். இருட்டில் கொஞ்ச நேரம் நின்றேன். இறக்கை படபடப்பது காதில் விழுந்தது, பிறகு இல்லை.

மே 15

காலையில் முதல் வேலையாக ஃபாப்ரை எடுத்தேன். ஒராஞ் நகருக்குப் பக்கத்தில் செரின்யான் கிராமத்தில் 1879இல் ஒரு தரிசு நிலத்தோடு வீடு வாங்கி, 1915இல் இறக்கும்வரை அங்கேயே பூச்சிகளைப் பார்த்துக்கொண்டிருந்த மனிதர். அந்த இடத்துக்குப் பெயரே ‘அர்மாஸ்’. புரோவான்சு மொழியில் தரிசு. ஒரு மே மாதக் காலை, அவர் மேசையில் இருந்த கூட்டிலிருந்து இதே இனத்துப் பெண் அந்து வெளிவந்தது. கம்பிவலைக் கூண்டால் மூடிவைத்தார். அன்றிரவு வீட்டுக்குள் நாற்பது ஆண்கள். நாப்தலீன் உருண்டையின் நாற்றத்தை அறை முழுக்க நிரப்பிப் பார்த்தார்; அப்போதும் வந்தன.

அவர் துரத்திய அந்த மணத்தை ஓர் அந்துவிடமிருந்து முதன்முதலாகப் பிரித்தெடுத்தது 1959இல்தான். பூட்டனண்ட் என்ற ஜெர்மன் வேதியியலாளர் பட்டுப்பூச்சியில் செய்தார். ஏறக்குறைய 5 லட்சம் பெண் பூச்சிகள் தேவைப்பட்டன. நேற்றைய ஆண் அப்படி ஒரு துளி மணத்தைத்தான் தேடிப் போய்க்கொண்டிருந்தது.

ஜூலை 6

சிள்வண்டு இரைச்சலில் பேசுவதே கேட்கவில்லை. பேரன் “பப்பியோன்! தாத்தா, பப்பியோன்!” என்று ஓடிவந்தான். பிரெஞ்சில் வண்ணத்துப்பூச்சிக்கும் அந்துக்கும் அந்த ஒரு சொல்தான். பகலா இரவா என்று பின்னால் சேர்த்துக்கொள்வார்கள். இந்தப் பூச்சியிடம் அந்தச் சேர்க்கையும் பலிக்காது. உச்சி வெயிலில் பறக்கிறது, உணர்கொம்பின் நுனி வண்ணத்துப்பூச்சிக்குப் போலவே தடித்திருக்கிறது. ஆனாலும் அந்து. முன்னிறக்கை பழுப்பு; அதை விரிக்கும்போது கீழே ஆரஞ்சும், கறுப்புப் பட்டையில் வெள்ளைப் பொட்டுகளும்.

எந்தச் செடி? குட்டை விசிறிப்பனை. விரிந்த குருத்தோலையில் வரிசையாக ஓட்டைகள், காகிதத்தை மடித்து ஊசியால் குத்திப் பிரித்ததுபோல. ஓலை மடிந்திருந்தபோது உள்ளே புழு துளைத்துப் போன தடம் அது. தென் அமெரிக்காவிலிருந்து அலங்காரப் பனைகளோடு வந்து இறங்கிய அந்து. நம் தென்னையைக் குடைந்து சாய்க்கும் சிவப்புக் கூன்வண்டும் இப்படித்தான் இந்தக் கடற்கரைக்கு வந்து பேரீச்சை மரங்களை விழுத்தியது. குட்டைப் பனையோ மத்தியதரைக் கடலோரத்துக்கே உரியது. வலையை வீசி அந்துவைப் பிடித்து நசுக்கினேன். பேரன் முகம் வாடியது. ஓலையை அவன் கையில் கொடுத்து ஓட்டைகளை எண்ணச் சொன்னேன்.

செப்டம்பர் 3

அரளி வேலியைக் கத்தரிக்கக் கத்தரியோடு போனேன். கீழே கல்தளத்தில் மிளகைவிடப் பெரிதாக உருளை உருளையாகக் கிடந்தன, நீளவாட்டில் வரிப்பள்ளத்தோடு. எச்சம். இந்த அளவுக்குப் போட வேண்டுமென்றால் பெரிய புழு. நிமிர்ந்து பார்த்தேன்.

புத்தகம் தேவைப்படவில்லை. விரல் தடிமன் பச்சை உடம்பு, பக்கவாட்டில் வெள்ளைப் புள்ளிகள், வாலில் குட்டையான மஞ்சள் கொம்பு. கிளையை அசைத்ததும் தலையை உள்ளிழுத்து உப்பியது. கழுத்துப் பக்கத்தில் இரண்டு நீலக் கண்கள் திறந்தன. புதுச்சேரியில் பாட்டி பூஜைக்குப் பறிக்கும் நந்தியாவட்டையில் இருந்த புழு. அரளி ஸ்ஃபிங்ஸ். அங்கே சாதாரணம்; இங்கே ஆப்பிரிக்காவிலிருந்து கடல் தாண்டிப் பறந்துவரும் தாய் முட்டையிட்டால்தான் உண்டு. மாடு வாய்வைக்காத இலையைத் தின்று வளர்கிறது.

கத்தரியைக் கொட்டகையில் வைத்துப் பூட்டினேன்.

செப்டம்பர் 8

புழுவின் முதுகு கறுக்கத் தொடங்கிவிட்டது. இலையை விட்டு இறங்கி, பேரன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அரளித் தூரில் சருகுக்குள் நுழைந்தது. இனி அந்துவாக வெளிவர மூன்று வாரம்போல் ஆகும். அதற்குள் இரவுக் குளிர் முந்திக்கொள்ளக் கூடும். சருகைக் கூட்டாமல் விட்டிருக்கிறேன். தோட்டத்துப் பக்க விளக்கின் பல்பைக் கழற்றி அலமாரியில் வைத்தாயிற்று.