தேவாங்கு என்றொரு வசவு

எட்டாம் வகுப்பு முடிக்கும்வரை எனக்கு ஊரில் இரண்டு பெயர். ஒன்று பள்ளிப் பதிவேட்டில் இருந்தது. இன்னொன்று தேவாங்கு. உடம்பு ஒல்லி, கண் மட்டும் பெரிது என்பதால் வந்த பெயர். "இப்படித் தேவாங்கு மாதிரி இருந்தா எவன்டி கட்டிக்குவான்?" என்றபடி அத்தை சோற்றை அள்ளி வைப்பார். அன்பும் அவமானமும் ஒரே தட்டில் விழும். நைனார்பாளையத்தில் என்னை அப்படிக் கூப்பிட்டவர்களில் யாரும் தேவாங்கைப் பார்த்ததாகச் சொன்னதில்லை.

பார்த்தவர் ஆயா. களையெடுக்கப் போன காட்டில், வேலியோரப் புளியமரத்தில் அது சுருண்டு தூங்கிக்கொண்டிருந்ததாம். "அது யார் வம்புக்கும் போவாதுடி. ராவுல பூச்சி புடிச்சித் தின்னும், அவ்ளோதான்" என்பார். அதே மரத்தில்தான் அம்மாவைத் தூளியில் போட்டுவிட்டு வேலை பார்த்தாராம்.

வெகுகாலம் கழித்துத்தான் படித்தேன்: தாய்த் தேவாங்கும் குட்டியைக் கிளையில் விட்டுவிட்டே இரவில் இரைதேடப் போகிறது. ஆயாவுக்கு இதைச் சொல்ல அவர் அப்போது இல்லை.

தேவாங்கால் தாவ முடியாது. ஒரு மரத்தின் கிளை அடுத்த மரத்தைத் தொட்டால்தான் அதற்கு வழி. சாலைக்காகவோ மனைக்காகவோ நடுவில் நான்கு மரம் போனால் தரையில் இறங்கியாக வேண்டும். அங்கே வண்டியும் நாயும் காத்திருக்கும். அதன் கண்ணில் மருந்தும் மாந்திரீகமும் இருப்பதாக நம்பிப் பிடிப்பவர்கள் வேறு. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் முதல் அட்டவணையில் வைத்து அதைக் காக்கிறது. ஆனால் பட்டா நிலத்து வேலிக்கு அந்தச் சட்டத்தில் இடம் எங்கே?

2022 அக்டோபரில் கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேர் காடு, கடவூர் தேவாங்கு சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. தேவாங்குக்கென நாட்டிலேயே முதல் சரணாலயம். மகிழ்ந்தேன். பெங்களூரு போன்ற பெருநகரத்திலும் இந்திய அறிவியல் கழக வளாகம் மாதிரியான மரமடர்ந்த இடங்களில் அது ஒண்டியிருக்கிறது. சரணாலயத்துக்கு வெளியிலும் தேவாங்கு வாழ்கிறது, கிளைகள் தொட்டுக்கொண்டிருந்தால்.

கள்ளக்குறிச்சி 2019இல் தனி மாவட்டமானது. மக்காச்சோளக் கொல்லைகளில் வெள்ளைக் கற்கள் முளைத்தன. முதலில் அழிந்தவை வேலிகள். விற்கும் பேச்சை ஆண்கள் திண்ணையில் முடித்தார்கள். அந்த வேலியில் விறகும் கீரையும் எடுத்த, எந்தப் பொந்தில் எது குடியிருக்கிறது என்றறிந்த பெண்களை யாரும் கேட்கவில்லை.

கேட்காதவர்களில் நானும் உண்டு. என் சம்பளத்தில் நான் வாங்கிய முதல் சொத்து ஒரு மனை. எங்கள் குடும்பத்தில் ஒரு பெண் பெயரில் பத்திரம் பதிவானது அதுவே முதல்முறை. கையெழுத்துப் போடும்போது அம்மா அழுதார். அந்த மகிழ்ச்சி பொய்யில்லை. ஆனால் அந்த நிலத்தில் முன்பு என்னென்ன மரம் இருந்தது என்று நான் விசாரிக்கவே இல்லை. நிலமற்றிருந்த பெண் நிலம் வாங்கும்போதும், அங்கே ஏற்கெனவே குடியிருந்த உயிர் வெளியேற்றப்படுகிறது. இந்தக் கணக்கை ஆண்கள் தலையில் மட்டும் எழுதிவிட்டு நான் நகர முடியாது.

போன மாதம் வகுப்பில் ஒருத்தி தோழியைத் 'தேவாங்கு' என்றாள். அடிவயிற்றில் பழைய சூடு. திட்டவில்லை, "பார்த்திருக்கியா?" என்றேன். இல்லை. செல்பேசியில் படம் காட்டினேன். "மேடம், இது ரொம்ப அழகா இருக்கே" என்றாள், ஏமாற்றப்பட்டவள் போல.

மனையில் இரண்டு புங்கன் வைத்திருக்கிறேன். பக்கத்து மனைக்காரரிடம் பேச வேண்டும்: கிளை உங்கள் பக்கம் வந்தால் வெட்டாதீர்கள், முடிந்தால் நீங்களும் ஒன்று வையுங்கள் என்று. என் மரம் மட்டும் வளர்ந்து பயனில்லை.