அம்மிணியோட கல்விக் கடன்: யாருக்கு யார் பாக்கி?

மஞ்சள் விலை பத்தி எழுதறேன்னு சொல்லியிருந்தேன். அது அடுத்த வாரம். இப்போ கடன் வசூல் கதை. எங்க பக்கத்துல அஞ்சாறு வீட்டுக்கு இதே மாதிரி போன் வந்துட்டிருக்கு, டவுன்ல இருக்கிற உங்களுக்கும் வந்திருக்கலாம்.

எங்க அம்மிணி 2013-ல இன்ஜினியரிங் சேர்ந்தா. ஒரு அரசு வங்கியில கல்விக் கடன், வருஷத்துக்கு 70,000 வீதம் 2,80,000. வட்டி 12 சதவீதம். ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள்ள இருக்கிற குடும்பத்துக்கு, படிக்கிற காலத்து வட்டியையும் அதுக்கு மேல ஒரு வருஷத்து வட்டியையும் மத்திய அரசே கட்டும். 2009-ல இருந்து இருக்கிற திட்டம்தான். ஆனா பணம் தானா வந்து விழாது. நாம தாசில்தார் ஆபீஸ்ல வருமானச் சான்று வாங்கிக் கொடுக்கணும், அதை வெச்சுக் கிளைக்காரங்க மேலே கேட்டு வாங்கணும். நான் வருஷா வருஷம் கொடுத்தேன், நகல்ல சீல் வாங்கி வெச்சிருக்கேன். 2015-16 ஒரு வருஷத்துக்கு மட்டும் அவங்க கேட்டு வாங்கல. அந்த 25,200 ரூபா வட்டி அசலோட சேர்ந்துருச்சு.

படிப்பு முடிஞ்சு ஒரு வருஷம் வேலை கிடைக்காம இருந்தவ, 2018 ஆகஸ்ட்ல இருந்து மாசம் 6,500 கட்டினா. கொரோனாவுல பாதிச் சம்பளம் வந்தப்பவும் நிறுத்தல. 60 மாசம், 3,90,000. முடிஞ்சுதுன்னு நெனச்சோம்.

இந்தத் தை கழிஞ்சு போன் ஆரம்பிச்சுது. 23,567 பாக்கியாம். ராத்திரி எட்டரைக்கு, ஒன்பதுக்கு. அம்மிணிக்கும் போச்சு, அவ மாமியாருக்கும் போச்சு. அந்த நம்பர் எப்படிக் கிடைச்சுதுன்னு இன்னும் தெரியல. அப்புறம் ஒரு நாள், காட்டுல மஞ்சள் வெந்துட்டிருக்கு, பைக்ல ரெண்டு பசங்க. நேரா வீட்டுக்கு வரல பாருங்க. டீக்கடையில, பால் சொசைட்டியில எல்லாம் "லோன் கட்டாத அந்த இன்ஜினியர் பொண்ணு வீடு எது"ன்னு விசாரிச்சுட்டுத்தான் வந்தாங்க. வழி தெரியாம கேட்டதா? என் போன் நம்பர் அவங்க கையிலயே இருக்கு.

"ஐயா, இன்னைக்கு ஏதாச்சும் ஒரு தொகை கொடுங்க, எங்களுக்கும் மேலே பதில் சொல்லணும்."

"தம்பி, மொதல்ல தண்ணி குடிங்க. அப்புறம் பேங்க் கொடுத்த கடிதத்தையும் உங்க கார்டையும் காட்டுங்க."

கார்டு இருந்துச்சு, கடிதம் இல்ல. பாக்கி எப்படி வந்துச்சுன்னு கேட்டா, போன்ல ஒரு வரியைக் காட்டறான். பேரு, ஊரு, தொகை. அவ்வளவுதான் அவங்ககிட்ட இருக்கு. 2015-ல என்ன நடந்துச்சுன்னு அந்தப் பையனுக்கு எப்படித் தெரியும்? அவனும் இன்ஜினியரிங் படிச்சவன்தானாம். அவன் மேல எனக்குக் கோபம் வரல.

அன்னைக்குச் சாயந்திரம் மச்சான் வந்தாரு. "மானம் போகுதுங்க மாமா, கட்டித் தொலைங்க"ன்னாரு. போன் பண்றவங்களும் 12,000 கட்டுனா செட்டில்மெண்ட்னு எறங்கி வந்தாங்க. இதுல ஒண்ணு கவனிங்க. செட்டில்மெண்ட்னா சிபில்ல 'செட்டில்டு'ன்னு ஏறும், முழுசாக் கட்டி முடிச்சதா ஏறாது. நாளைக்கு அம்மிணி வீட்டுக் கடனுக்குப் போனா அதுதான் முன்னாடி வந்து நிக்கும். கட்டுன காசும் போய், பேரும் போகணுமா?

கணக்கு நோட்டை எடுத்தேன். அந்த 25,200-ஐ நீக்கிட்டு மாசா மாசம் வட்டி போட்டுப் பார்த்தா, 57-வது மாசமே கடன் தீர்ந்துருச்சு. அதுக்கு மேல நாங்க கட்டுனது 21,909. அம்மிணி கம்ப்யூட்டர்ல போட்டுப் பார்த்தா, அதே தொகை. பேங்க் எங்களைக் கேக்குது, நியாயப்படி பேங்க்தான் எங்களுக்குத் தரணும்.

கிளைக்குப் போய் எழுத்துல கொடுத்தேன். மேனேஜர் வாங்கி வெச்சுக்கிட்டு "பார்க்கறேன், போங்க"ன்னாரு. நகல்ல சீலும் தேதியும் போட்டுக் கொடுக்கிற வரைக்கும் நான் நாற்காலிய விட்டு எந்திரிக்கல. அந்தத் தேதிதான் முக்கியம். 30 நாள்ல பதில் வரலைன்னாலோ, வந்த பதில் சரியில்லைன்னாலோ, ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளர்கிட்ட போகலாம். காசு கிடையாது, வக்கீல் வேண்டாம், 14448-க்குப் போன் பண்ணா தமிழ்லயே வழி சொல்றாங்க. 31-வது நாள் அம்மிணி ஆன்லைன்ல புகார் போட்டா. சீல் வெச்ச சான்று நகல், பாஸ்புக் பக்கம், என் நோட்டுக் கணக்கு எல்லாம் சேர்த்து. ராத்திரி வந்த போன் பட்டியலும் போச்சு, ஏன்னா காலையில 8 மணிக்கு முன்னாடியும் சாயந்திரம் 7 மணிக்கு மேலயும் வசூலுக்குக் கூப்பிடக் கூடாது, வீட்டு ஆளுங்களையும் பழகுனவங்களையும் தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு 2022 ஆகஸ்ட்லயே ரிசர்வ் வங்கி எழுதிக் கொடுத்திருக்கு.

அதோட போன் நின்னுபோச்சு. ஒன்றரை மாசம் கழிச்சு 'பாக்கி இல்லை'ன்னு சான்று வந்துச்சு. அதை ரெண்டு நகல் எடுத்து, ஒண்ணை மாமியார் வீட்டுக்கு அனுப்பினேன். இன்னொண்ணை எடுத்துட்டுப் போயி பால் சொசைட்டியில, கறவை முடிஞ்சு எல்லாரும் நிக்கிற நேரமாப் பார்த்துச் சத்தமாப் படிச்சேன். ஊட்டுக்காரம்மாவுக்கு அது கொஞ்சம் ஜாஸ்தியாப் பட்டுச்சு. எனக்குப் படல.

21,909 இன்னும் வரல. சான்றுல அதைப் பத்தி ஒரு வார்த்தை இல்ல. "பாக்கிதான் தள்ளியாச்சே, இன்னும் என்னங்க?"ன்னு மேனேஜர் கேக்கறாரு. குறைதீர்ப்பாளருக்கு மறுபடி எழுதிப் போன வெள்ளிக்கிழமை பதிவுத் தபால்ல சேர்த்திருக்கேன், ரசீது நோட்டுக்குள்ளதான் இருக்கு.