இறக்கத்தில் ஏறும் பலம்

காணும் பொங்கல் நெருங்கினால் எங்கள் பக்கத்துக் குதிரைக்காரர்களுக்கு வேகப் பைத்தியம் பிடித்துவிடும். திருக்கடையூர் எல்கைப் பந்தயத்தை மனத்தில் வைத்து, விடிகாலையில் தார்ச்சாலையில் வண்டி பூட்டி விரட்டுவார்கள். மூச்சு பழகும், முதுகு பழகாது. நான் திருப்பனந்தாளுக்கு வடக்கே கொள்ளிடக் கரைக்குத்தான் குதிரையைப் பிடித்துப் போவேன், வண்டி இல்லாமல்.

குதிரையின் எடையில் ஏறக்குறைய 60 சதவீதம் முன்னங்கால்களில்தான் நிற்கிறது. நமக்கிருக்கும் காறை எலும்பு அதற்குக் கிடையாது. இரண்டு தோள்களுக்கு நடுவே நெஞ்சுக்கூடு, தூளியில் பிள்ளை மாதிரி, தசையில்தான் தொங்குகிறது. அந்தத் தசை தளர்ந்த குதிரை முன்பக்கம் அமுங்கியே ஓடும். கடிவாளத்தில் கை கனக்கும். திருப்பத்தில் தடுக்கும்.

கரையில் ஏற்றுவதை எல்லாரும் செய்கிறார்கள். எனக்கு இறக்குவதுதான் பாடம். கயிற்றைத் தளர்வாகப் பிடித்து ஓர் அடி இறக்கி நிறுத்துவேன்; பிறகு மறு அடி. அப்போது பின்னங்கால்கள் வயிற்றுக்கு அடியில் வரும், இடுப்பு தாழும், தொடைத் தசை நடுங்குவது கண்ணுக்கே தெரியும். அவசரப்படுத்தினால் சறுக்கிக்கொண்டு கீழே ஓடிவிடும். அதில் காசுக்குப் பிரயோசனமில்லை. சமதரைக்கு வந்ததும் நாலடி பின்னுக்கு நடத்துவேன். தலையைத் தூக்காமல் போனால் முதுகு வேலை செய்கிறது என்று அர்த்தம்.

பங்குனி, சித்திரையில் ஆறு வற்றினால் மணல் கிடைக்கும். ஈரம் இறுகிய மணல் போதும். குளம்பு புதையும் மணலில் ஓடவிட்டால் கால் தசைநாண் போய்விடும். தசை சில வாரத்தில் ஏறும்; தசைநாணும் எலும்பும் உறுதிப்பட மாதக்கணக்காகும்.

எந்தக் குதிரையும் ஒரு பக்கம் எளிதாக வளையும், மறுபக்கம் முரண்டும். வாரை இழுத்துத் தலையை நேராக்கப் பார்ப்பவர்களிடம் எங்கள் திருப்பனந்தாள் கோயில் கதையைத்தான் சொல்வேன். சாய்ந்த லிங்கத்தை அரசனின் யானைகள் இழுத்தும் நிமிர்த்த முடியவில்லை. குங்கிலியக் கலய நாயனார் தம் கழுத்தில் கயிற்றைப் பூட்டி இழுத்தபோதுதான் நிமிர்ந்தது. குதிரையும் முரட்டு இழுப்புக்கு நிமிராது. முரண்டும் பக்கமாகப் பெரிய வட்டத்தில் நடத்தி, உள்பக்கப் பின்னங்காலை உடம்புக்கு அடியில் வரவைத்தால் தலை தானே நேராகும்.

ஐப்பசி மழையில் கரை வழுக்கும். தைப் பந்தயத்துக்குக் குதிரையைத் தயார் செய்ய நினைப்பவர்கள் ஆவணியிலேயே இறக்கத்தில் தொடங்குங்கள். மூன்று வயதுகூட நிரம்பாத குட்டியை மட்டும் வண்டியில் பூட்டாதீர்கள். குதிரையின் முதுகெலும்பு முற்ற ஐந்தாறு வயது ஆகும்.