பழைய கணினியும் பேசாத அட்டையும்

சென்ற ஆண்டு கோடை விடுமுறை கழிந்து விடுதிக்குத் திரும்புங்கால், எம் தமக்கையார் பயன்படுத்தி வைத்திருந்த மடிக்கணினியொன்றை உடன்கொண்டு வந்தோம். 2009-ஆம் ஆண்டில் எம் தந்தையார் கூட்டுறவுச் சங்கத்திற் கடன் பெற்று வாங்கியது அது. அக்கடனை அவர் தீர்த்த வரலாற்றை வீட்டிற் பன்முறை கேட்டு வளர்ந்தவராதலின், புதியதொன்று வாங்க மீண்டும் கடன் கேட்கப் புறப்பட்டவரைத் தடுத்து, “இதுவே போதும், அப்பா” என்று பெருமிதத்தோடு கூறிவிட்டோம்.

சொல்லைக் காப்பது எளிதாயில்லை. அக்கணினி விழித்தெழுவதற்குள் யாம் காலையுணவு முடித்து மீளலாம். இயற்பியல் பயிலும் எம் அறைத்தோழர், லினக்ஸை நிறுவிப் பார்க்குமாறு கூறினார். லினக்ஸ் என்பது 1991-ஆம் ஆண்டில் பின்லாந்து நாட்டில் மாணாக்கராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கி, பின்னர்ப் பல நாட்டினரும் கூடி வளர்த்துவருவது, விலையின்றிக் கிடைப்பது, முதிர்ந்த பொறிகளிடத்து இரக்கமுடையது. ஓரிரவில் பழைய அமைப்பை அழித்து இதனை நிறுவினோம். கணினி இளமை பெற்றது. திரை, ஒலி, விசைப்பலகை யாவும் செம்மையாயின. கம்பியில்லா இணைப்பு மட்டும் இல்லை. அத்தகைய அட்டையொன்று தன் வயிற்றினுள் இருப்பதையே அது மறந்தாற்போலத் தோன்றிற்று.

எம் அறைக்குக் கம்பிவழி இணைப்புக் கிடையாது. கட்டுரைகளை ஒப்பிப்பதற்கு நூலகத்துக் கணினிமுன் வரிசையில் நிற்கலாயினோம். ஞாயிறுதோறும் தந்தையார் தொலைபேசியில், “கணினி நல்லா ஓடுதா?” என்பார். “ஓடுகிறது, அப்பா” என்போம். ஓடியது மெய்யே. ஓடி எங்கும் சேரவில்லை என்பதைக் கூறாது விட்டோம்.

சில நூறு ரூபாய்க்கு வெளியே செருகும் சிறு கருவி கிடைக்கும் என்றார் தோழர். நல்ல யோசனைதான். ஆயினும், உள்ளிருப்பது இறந்ததோ உறங்குகின்றதோ என்று தெரியாமலே கைவிட மனம் ஒவ்வவில்லை. மூன்று கிழமைகள், பிறர் கூறிய கட்டளைகளையெல்லாம் பொருளுணராது தட்டச்சு செய்தோம். பொருளறியாமற் செய்யுளை நெட்டுருப் போடுவாரை வகுப்பில் எள்ளி நகைக்கும் யாமே அதனைச் செய்தோம் என்பதை இங்கு மறைப்பானேன்? ஒன்றும் பலிக்கவில்லை.

பின்னர் ஒருநாள், தட்டுவதை நிறுத்திப் படிக்கலாமென்று தோன்றியது. ‘எல்.எஸ்.பி.சி.ஐ.’ என்னும் கட்டளை, பொறியினுள் உள்ள அட்டைகளைப் பெயரோடும் எண்ணோடும் வரிசைப்படுத்தும். எம் அட்டையின் பெயரில் 4312 என்றிருந்தது. அதன் அடையாள எண்ணோ 14இ4:4315. இங்கேதான் யாம் முன்னர் இடறியிருந்தோம். 4312 என்னும் பெயருடைய அட்டைகள் ஒன்றுக்கு மேற்பட்டவை. ஔவையார் என்று பெயர் கண்டவிடமெல்லாம் ஒருவரையே கருதினால் இலக்கிய வரலாறு எவ்வாறு குழம்புமோ, அவ்வாறே யாமும் வேறோர் அட்டைக்குரிய மருந்தை இதற்குப் புகட்டியிருந்தோம். நம்பத்தக்கது எண்ணே.

அடுத்து ‘டிமெசெக்’ என்பதை இட்டோம். கணினி எழும்போது தன்னுள் நிகழ்வனவற்றை எழுதிவைக்கும் நாட்குறிப்பு அது. அதில், பி43 என்னும் டிரைவர் அட்டையைக் கண்டுகொண்டதும், ‘யூகோடு15’ என்னும் ஃபர்ம்வேர்க் கோப்பைத் தேடியதும், காணாது நின்றதும் தெளிவாக எழுதப்பட்டிருந்தன. முதல்நாள் தொட்டு, ஒவ்வொரு முறை எழும்போதும் அது இதனையே எழுதியிருக்கின்றது. யாம்தாம் திறந்து பார்க்கவில்லை.

ஃபர்ம்வேர் என்பது அட்டையினுள் உள்ள சிறு செயலிக்குரிய நிரல். எம் அட்டை அதனைத் தன்னிடத்தே நிலையாக வைத்துக்கொள்வதில்லை. மின்சாரம் நின்றால் மறந்துவிடும். ஆதலின் ஒவ்வொரு முறையும் டிரைவர் அதற்குப் புதிதாக ஓதவேண்டும்.

இந்த பி43 தோன்றிய வகை எம்மைப் பெரிதும் கவர்ந்தது. இவ்வட்டைகளின் உள்ளமைப்பு வெளியிடப்படாதிருந்த காலத்தில், ஆர்வலர் இரு குழுவினராகப் பிரிந்தனர். ஒரு குழு, அட்டையைச் செய்தவர்களுடைய டிரைவரை ஆராய்ந்து, அட்டை இயங்கும் முறையை உரைநடையாக எழுதியது. மற்றைக் குழு, மூலத்தைக் கண்ணாலும் பாராது, அவ்வுரையை மட்டும் கொண்டு புதிய டிரைவரை இயற்றியது. களவென்னும் பழி வாராமைப்பொருட்டு இவ்வேற்பாடு. உரையிலிருந்து நூல் பிறந்த அதிசயத்தை யாம் வேறெங்கும் கண்டதில்லை! முதல் வடிவம் 2006-இல் கர்னல் 2.6.17-இல் இடம்பெற்றது. பி43 என்னும் பெயரோடு 2008-இல் 2.6.24-இல் வந்தது. எம் அட்டையின் இனத்திற்கு 2009 டிசம்பரில் வெளியான 2.6.32-இலேதான் இடம் கிடைத்தது.

டிரைவர் இவ்வாறு அமைந்தபோதிலும், ஃபர்ம்வேரைப் பிறர் பகிர உரிமம் இடந்தரவில்லை. ஆகவே லினக்ஸோடு அது வருவதில்லை. செய்தவர்களுடைய டிரைவரை இணையத்திலிருந்து இறக்கி, அதினின்றும் வேண்டும் பகுதியை ‘எஃப்டபிள்யூகட்டர்’ என்னும் கருவியால் அரிந்தெடுத்தல் வேண்டும். இணையம் பெறுவதற்கு இணையம் வேண்டும்! நீந்தக் கற்றபின் நீரில் இறங்கு என்பதுபோலும் இது.

எம்மிடமிருந்தது பொத்தான் வைத்த சிறு கைப்பேசி. தோழர் தம் கைப்பேசியை யூ.எஸ்.பி. கம்பியாற் கணினியோடு பிணைத்து, அதன் இணைப்பைக் கடனாகத் தந்தார். கோப்பு வந்தது, அரியப்பட்டது, உரிய இடத்தில் அமர்ந்தது. கணினியை மீண்டும் எழுப்பி நாட்குறிப்பைத் திறந்தோம். ஃபர்ம்வேர் ஏற்றப்பட்டதென்ற வரியைக் கண்டு தோழரைத் தழுவிக்கொண்டோம். ஆனால் இணைப்புகளின் பட்டியல் அப்பொழுதும் வெறுமையாகவே இருந்தது.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. விடியற்காலையில் ‘ஆர்.எஃப்.கில்’ என்னும் கட்டளையை இட்டோம். மென்தடை இல்லை, வன்தடை உண்டு என்று விடை வந்தது. மென்தடை நிரலால் நேர்வது. வன்தடை பொறியிலுள்ள விசையால் நேர்வது. விசையா? கணினியை விளக்கொளியில் திருப்பித் திருப்பிப் பார்த்தோம். முன்விளிம்பின் அடியில், நகத்தளவில், தூசி படிந்த நகர்விசையொன்று. நகத்தால் தள்ளினோம். சிறு நீலவிளக்கு எரிந்தது. விடுதியின் இணைப்புப் பெயர்கள் ஒவ்வொன்றாய்த் திரையில் எழுந்தன. 2.4 கிகாஹெர்ட்ஸில் இயங்குவன மட்டுமே எழுந்தன. 5 கிகாஹெர்ட்ஸ் அலை இவ்வட்டைக்கு எட்டாது. எமக்கு ஒன்றே போதுமானதாயிருந்தது.

அடுத்த ஞாயிறு, தந்தையார் வினவுமுன்னரே நடந்ததனைத்தையும் கூறினோம். அவர் சிறிது நேரம் பேசவில்லை. “அப்ப, ஒரு மாசமா ஓடலையா?” என்று மட்டும் கேட்டார். பின்னர்த் தமக்கையாரிடம் அவ்விசையைப் பற்றி விசாரித்திருக்கின்றார். “பேட்டரி சீக்கிரம் தீர்ந்துடுமேன்னு வேலை முடிஞ்சதும் நான்தான் அதை மூடி வைப்பேன், தம்பிகிட்டச் சொல்ல மறந்துட்டேனே” என்றாராம் அவர்.