பாமினியில் சிக்கிய ஆய்வேடு

ஆய்வேட்டை லிப்ரே ஆபீஸில்தான் தட்டுகிறேன். வேர்டைக் காசு கொடுத்து வாங்க வழியில்லை. துறைக் கணினியில் வேர்டில் திறந்தால் அட்டவணை அடுத்த பக்கத்துக்கு ஓடுகிறது, அடிக்குறிப்பு இடம் மாறுகிறது. அதையாவது பிடிஎஃப் ஆக்கிக் கொடுத்துச் சமாளிக்கலாம்.

மனசு வெறுத்துப்போவது பழைய கட்டுரைக் கோப்புகளைத் திறக்கும்போதுதான். எல்லாம் பாமினி எழுத்துரு. அது இல்லாத கணினியில் மெய்யெழுத்தெல்லாம் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டுகிறது. கோப்புக்குள் இருப்பதே ஆங்கில எழுத்துகளின் குறியீடுதான்; தமிழ் வடிவம் எழுத்துருவில் மட்டும். யூனிகோடில் தட்டித் தேடினால் ஒரு சொல்கூடச் சிக்காது. யூனிகோடு மாற்றியில் போட்டாலோ, நடுவே வரும் ஆங்கில மேற்கோள்களும் தமிழாகிக் குழம்புகின்றன.

தமிழ்நாடு அரசு யூனிகோடை ஏற்று ஆணையிட்டது 2010-இல். இன்னமும் கட்டுரைகளைப் பாமினியில் கேட்கும் ஆய்விதழ்கள் இருக்கின்றன. இதழாசிரியர்களே, தயவுசெய்து யூனிகோடில் வாங்குங்கள்.