சிறு விசைப்பலகையும் நம் பொறுப்பும்



வீட்டின் ஒரு மூலையில் சிறு மேசை, சில கிதாபுகள், கைப்பேசி, கம்பியில்லாச் சிறு விசைப்பலகை: இன்று நம்மில் பலருக்கு இதுவே அலுவலறை. பாடக் குறிப்பு எழுத இது போதும். 1999இல் தமிழக அரசு ஏற்ற தமிழ்99 முறையில் உயிரெழுத்துகள் இடக்கைக்கும் மெய்யெழுத்துகள் பெரும்பாலும் வலக்கைக்கும் அமைவதால் விரல்கள் விரைவில் பழகும். அதே விசைகளில் அரபியும் எழுதலாம். அரபெழுத்தில் தமிழை எழுதி அரபுத்தமிழ் வளர்த்த முன்னோரின் வழித்தோன்றல்களுக்கு இது பெரும் நிஃமத்.

ஆயினும் எளிமையும் ஒரு சோதனையே. மையில் தோய்த்து எழுதியவர்க்குச் சொல்லுக்குச் சொல் சிந்திக்க அவகாசம் இருந்தது. நமக்கோ, ஆதாரமறியாத ஒன்றை ‘ஹதீஸ்’ என்று உறவினர் அனைவருக்கும் அனுப்ப ஒரு விசை போதும். தீயவர் கொண்டுவரும் செய்தியைத் தீர விசாரிக்குமாறு அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 6ஆம் வசனம் பணிக்கிறது. சொன்னவர் யாரென்றே தெரியாத செய்தியில் நாம் எவ்வளவு கவனமாக இருக்க வேண்டும்!

அழிக்கும் விசை திரையில் உள்ளதையே அழிக்கும். கிராமன் காத்திபீன்களின் ஏட்டை அன்று. ஆகவே, அனுப்புமுன் நூலின் பெயரையும் ஹதீஸின் எண்ணையும் தேடுவோம். கிடைக்காவிடில் ஆலிம் ஒருவரிடம் கேட்போம். அதுவரை விரலை நிறுத்துவோம். வல்ல அல்லாஹ் நம் நாவையும் விரலையும் காப்பானாக. ஆமீன்.